மைனஸ் நாற்பது மீட்டர்

மாநிலத் தேர்வுப் பேரவையிலிருந்து லோர்னா பாஸ்கோவுக்கு வந்த கடிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன.

"ஏழாம் கேள்விக்குத் தாங்கள் எழுதிய விடை: நான்கு வினாடி. சரியான விடை: நான்கு வினாடி. வழங்கப்பட்ட மதிப்பெண்: பூஜ்யம்."

கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், காரணம்: "திசை."

லோர்னா அதைச் சுரங்கத்தின் விளக்கறையில் நின்றபடி நான்கு தடவை படித்தாள். பதினோரு வருஷமாக அவளுடைய வேலை அந்த அறையில்தான். காலையில் இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கைக் கொடுப்பாள், மாலையில் ஏறி வருகிறவர்களிடம் வாங்கிச் சார்ஜில் போடுவாள். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். செய்முறைப் பயிற்சி முடிந்துவிட்டது. இரண்டு மாதம் வெறும் மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கினாள். ஒரு மூட்டைகூடத் தையல் பிரியவில்லை. பாக்கி இருந்தது பெரியவர்களுக்கான இயற்பியல் தேர்வு ஒன்றுதான். தேற ஐம்பது வேண்டும். அவள் எடுத்தது நாற்பத்தேழு. ஏழாம் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

கூண்டு ஓட்டுநர் டட்லி ட்ரெகியர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். இன்னொரு ஓட்டுநருக்கு வயது நாற்பத்தாறு. அவர் ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது வருஷம் ஆகும். இந்த மாதம் விட்டால் அவ்வளவுதான்.

கேள்வி இதுதான்: நாற்பது மீட்டர் உயரப் பாறை விளிம்பிலிருந்து ஒரு கல்லை வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிகிறார்கள். அது எப்போது கீழே தரையில் விழும்? புவியீர்ப்பு முடுக்கம் பத்து. காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

லோர்னா முதல் வரியிலேயே "கீழே ப்ளஸ்" என்று எழுதிவிட்டுக் கணக்கைப் போட்டாள். சுரங்க ஊரான வில்காராவில் பிறந்தவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்? அந்த ஊரில் எல்லாமே சுரங்க வாயிலிருந்து கீழ்நோக்கித்தான் அளக்கப்படும். வாய் பூஜ்யம், அதற்குக் கீழே நாற்பது, நூறு, எழுநூறு. மேலே என்ன இருக்கிறது? ஒரு இரும்புக் கோபுரம், அதற்கு மேல் ஈ, அதற்கு மேல் வெயில். அதையெல்லாம் யாரும் எண்ணுவதில்லை. கணக்கில் இரண்டு விடை வந்தது. ஒன்று நான்கு, இன்னொன்று மைனஸ் இரண்டு. கல்லை எறிவதற்கு இரண்டு வினாடி முன்னாலேயே அது எப்படி விழும் என்று யோசித்து, மைனஸ் இரண்டைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் "வேலைக்காகாது" என்று எழுதினாள்.

பேரவைக்குப் போன் போட்டாள். பதிவு செய்த குரல் இனிமையாகப் பேசியது.

"தங்கள் பொருள் மேலே போய்க்கொண்டிருந்தால் ஒன்றை அழுத்தவும். கீழே வந்துகொண்டிருந்தால் இரண்டை அழுத்தவும். உச்சியில் நின்றால், அப்போது வேகம் பூஜ்யம் என்பதால், இணைப்பிலேயே காத்திருக்கவும்."

லோர்னா காத்திருந்தாள். பியானோ இசை நாற்பது நிமிஷம் ஓடியது. வேகம் பூஜ்யமாகவே இருந்தது.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினோரு மணி நேரப் பஸ்ஸில் தலைநகருக்குப் போனாள். பேரவைக் கட்டடத்துக்கு ஒன்பது மாடி. வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்துவிட்டு லிஃப்டைக் கைகாட்டினாள்.

"மொதல்ல மைனஸ் ரெண்டுக்குப் போங்க."

மைனஸ் இரண்டு என்பது கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே ஒரு தளம். அங்கே கதவில் "நிராகரிக்கப்பட்ட விடைகள் பிரிவு" என்று பலகை. உள்ளே கூரை வரைக்கும் அலமாரிகள். நடுவே நிக்கோ வுக்கோவிச் என்ற எழுத்தர் இறைச்சி வைத்த அப்பத்தைச் சாஸில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"உங்களோடது எது?" என்றார்.

"மைனஸ் ரெண்டு வினாடி."

"அடேங்கப்பா, மைனஸ் ரெண்டுல நம்மகிட்ட பதினாலாயிரம் இருக்கு." அவள் நீட்டிய கடிதத்தைப் பார்த்து, அலமாரியிலிருந்து அவளுடைய விடைத்தாளை உருவினார். "பசங்க அடிச்சுப் போடுற ஒவ்வொரு நெகட்டிவ் விடையையும் ஏழு வருஷம் பாதுகாக்கணும். சட்டம். நீங்க எதுக்காக நிராகரிச்சீங்க?"

"எறியறதுக்கு முன்னாடியே கல்லு விழுமா?"

"விழாதுதான். ஆனா அதுகிட்ட விளக்கம் கேட்டீங்களா?"

"எதுகிட்ட?"

"விடைகிட்ட. 'தங்களை ஏன் நிராகரிக்கக் கூடாது'ன்னு ஒரு நோட்டீஸ், பதினாலு நாள் அவகாசம். நீங்க நேரா 'வேலைக்காகாது'ன்னு எழுதிட்டீங்க." அவர் குரலில் கண்டிப்பைவிட வருத்தம்தான் அதிகம். "சரி விடுங்க, என் தரப்புல நான் சமாளிச்சுக்கறேன். உங்க நெசமான தலைவலி இது இல்ல. ஒன்பதாவது மாடி. ஹார்க்னஸ்."

"என்ன மாதிரி ஆளு?"

"பார்த்தா தெரியும்." வுக்கோவிச் சட்டையில் சிந்திய சாஸைத் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன் லோர்னா. அவரை 'டாக்டர்'னு கூப்பிடுங்க. பேர் சொன்னா காது கேக்காது அவருக்கு."

டாக்டர் குயென்டின் ஹார்க்னஸ் திசைகள் துறையின் தலைவர். அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் மேல்நோக்கி ஒரு பெரிய பித்தளை அம்பு. பக்கத்தில் காற்றைப் புறக்கணிக்கும் பிரிவின் மேலாளர் இமோஜென் ஓக்‌ஷாட் உட்கார்ந்திருந்தார். மேசை விசிறியின் காற்றில் அவருடைய கோப்புத் தாள்கள் படபடத்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மணி," என்று ஹார்க்னஸ் தொடங்கினார், "விடை சரியா தப்பாங்கறது ஒரு சின்ன விஷயம். அதைக் கல்லே சொல்லிடும். அதுக்கு ஒரு பேரவை எதுக்கு? நாங்க பாக்கறது திசையை. இந்தப் பேரவையில மேலே ப்ளஸ். நான் முப்பது வருஷம் முன்னாடி ரெண்டாவது மாடியில சேர்ந்தேன். இன்னிக்கு ஒன்பதாவது மாடி. நாளைக்கு யாராவது வந்து கீழே ப்ளஸ்னு சொன்னா, நான் என்ன ஆனேன்? முப்பது வருஷமா விழுந்துக்கிட்டிருக்கேன்னு ஆயிடாதா?"

"ஆனா டாக்டர், எந்தப் பக்கம் வேணாலும் ப்ளஸ்னு வெச்சுக்கலாம், கடைசி வரைக்கும் மாத்தாம இருந்தா போதும்னு புத்தகத்துலயே போட்டிருக்கே."

"போட்டிருக்கு. வெச்சுக்கலாம்னுதான் போட்டிருக்கு. வெச்சுக்கறதுக்கு முன்னாடி அனுமதி வாங்க வேண்டாம்னு போட்டிருக்கா?"

ஓக்‌ஷாட் தலையை ஆட்டினார். "எங்க பிரிவையே எடுத்துக்குங்க. இருபத்திரண்டு வருஷமா காத்தைப் புறக்கணிக்கறோம். ஒரு நாள் தவறினதில்ல. போன வருஷம் புயல்ல எங்க கூரை போச்சு. அன்னிக்கும் புறக்கணிச்சோம்."

லோர்னா விளக்கறையில் பழகிய பொறுமையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊர்ல எல்லாரும் கீழதான் ப்ளஸ்னு எண்ணறோம், டாக்டர். நூத்திப் பத்து வருஷமா. கூண்டு ஒரு தடவைகூட தப்பான தளத்துல நின்னதில்ல. நம்பலைன்னா வந்து பாருங்க."

ஹார்க்னஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு ஊரேவா?" என்றார் ஹார்க்னஸ் மெதுவாக. ஒரு கொள்ளை நோயைப் பற்றிக் கேள்விப்பட்ட சுகாதார அதிகாரியின் முகம் அவருக்கு வந்துவிட்டது. "எத்தனை பேர்?"

"நாலாயிரம்."

"இமோஜென், நேரடி ஆய்வுக்கு ஏற்பாடு பண்ணுங்க. இதை இப்படியே விட முடியாது."

ஆய்வுக் குழு அடுத்த செவ்வாய்க்கிழமை வில்காராவுக்கு வந்தது. காலை ஒன்பதுக்கு வந்தவர்கள் வேலையைத் தொடங்கும்போது பகல் ஒன்று. நடுவே உரைகள் நடந்தன. சுரங்க மேலாளரின் வரவேற்புரை, ஹார்க்னஸின் தொடக்கவுரை, "மேல்: ஒரு பார்வை" என்ற சிறப்புரை, அதுவும் அவரே. கேட்க வந்தவர்கள் தொப்பியால் முகத்தை மூடி ஈ விரட்டிக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்திலிருந்து காற்று புழுதியை வாரி அடித்தது. ஓக்‌ஷாட் குறிப்பேட்டில் "காற்று: இல்லை" என்று எழுதி, குறிப்பேடு பறந்துவிடாமல் அதன் மேல் ஒரு கல்லை வைத்தார்.

டட்லி ட்ரெகியர் இயந்திர அறை வாசலில் நின்று கை நீட்டினார். "வாங்க குயென்டின். வாம்மா இமோஜென். டீ சாப்பிடறீங்களா?"

ஹார்க்னஸுக்குக் காது கேட்கவில்லை.

"இதுதான் சின்னக் கூண்டு," என்றார் டட்லி, அதைப் பற்றிக் கவலைப்படாமல். "பராமரிப்புக்கு வெச்சிருக்கோம். கோபுரத்து உச்சிச் சக்கரம் வரைக்கும் மேல போகும், கீழ நாற்பது மீட்டர் தளம் வரைக்கும் இறங்கும். இதோ டயல். நடுவுல பூஜ்யம், அது சுரங்க வாய். கீழ போனா ப்ளஸ்."

ஹார்க்னஸ் கண்ணாடியைப் போட்டு டயலை உற்றுப் பார்த்தார். பூஜ்யத்துக்கு ஒரு பக்கம் வெறும் எண்கள், மறுபக்கம் மைனஸ் போட்ட எண்கள். எல்லாம் தலைகீழ். அவர் நெற்றியில் வேர்த்தது.

"நாங்க நாற்பது மீட்டர் தளத்தைப் பார்வையிடப் போறோம். ஆனா பேரவையோட முறைப்படிதான் இறங்குவோம்." சட்டைப் பையிலிருந்து அச்சடித்த சீட்டை எடுத்து எழுதி, முத்திரை குத்தி, டட்லியிடம் நீட்டினார்.

சீட்டில் "இடப்பெயர்ச்சி: −40 மீட்டர்" என்று இருந்தது.

டட்லி சீட்டைப் பார்த்தார், டயலைப் பார்த்தார், ஹார்க்னஸைப் பார்த்தார். "குயென்டின், ஒரு நிமிஷம். இந்த டயல்ல மைனஸ் நாற்பதுன்னா..."

"ஓட்டுநர் விளக்கம் சொல்ல வேண்டாம்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

லோர்னாவும் இடையில் புகுந்தாள். "டாக்டர், அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அது அந்தப் பக்கம்..."

"வாய்ச் சொல் செல்லாது. எழுத்துல இருக்கறதை எழுத்துல இருக்கற மாதிரியே செய்யணும். ஒரு குறி மாறினாலும் பணி விதி மீறல்." மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் டட்லியைப் பார்த்துக் கண்ணாலேயே, செய்துவிட்டுப் போ என்றார்.

"சரி," என்றார் டட்லி. முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் அவருக்கு இவ்வளவு தெளிவாக உத்தரவு கொடுத்ததில்லை.

குழுவினர் இருவரும் கூண்டில் ஏறினார்கள். கம்பிக் கதவு மூடியது. ஹார்க்னஸ் நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குத் தயாராகத் தலைவிளக்கைப் போட்டார். கூண்டு மெதுவாக, ஒரு அதிர்வும் இல்லாமல், வெளிச்சத்துக்குள் ஏறியது. இருபதாவது மீட்டரில் ஓக்‌ஷாட், "குயென்டின், தகரக் கூரையெல்லாம் தெரியுது," என்றது ரேடியோவில் கேட்டது. டயல் மைனஸ் நாற்பதைக் காட்டியதும் டட்லி கூண்டை நிறுத்தினார், இம்மி பிசகாமல்.

உச்சியில் ஒரே காற்று. ஹார்க்னஸின் அகல விளிம்புத் தொப்பி தலையை விட்டுக் கிளம்பியது. ஏழாம் கேள்வியின் கல்லைப் போல் நேராக மேலே போனது. அந்தக் கல்லைப் போல் திரும்பி வரவில்லை. கிழக்கே திரும்பி உப்பு ஏரியின் பக்கம் போய்விட்டது.

"இறக்கு!" ரேடியோ அலறியது. "உடனே கீழ இறக்கு!"

அப்போது இரண்டு மணிச் சங்கு ஊதியது.

டட்லி பிரேக்கைப் பூட்டி, சாவியை அதன் கொக்கியில் மாட்டி, நாற்காலியிலிருந்து எழுந்தார். ரேடியோவை எடுத்தார்.

"குயென்டின், கூண்டு பத்திரமா பூட்டியிருக்கு, பயப்படாதீங்க. ஆனா என் ஷிஃப்ட் முடிஞ்சுது. எட்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டுநர் நெம்புகோலைத் தொடக் கூடாது. எழுத்துல இருக்கு."

"அடுத்த ஆள் எங்கே?"

"பல் டாக்டர்கிட்ட. ஆறு மணிக்கு வந்துடுவான். நீங்க ஒன்பதுக்கே ஏறியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. சிறப்புரை கொஞ்சம் நீண்டுபோச்சு."

"நாலு மணி நேரமா! வேற யாருமே இல்லையா?"

டட்லி லோர்னாவைப் பார்த்தார். லோர்னா தரையைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது.

"இருக்கா. லோர்னா. செய்முறை முடிச்சாச்சு, கை சுத்தமான கை. பயிற்சி ஓட்டுநரா சேர்ந்துட்டா, நான் பக்கத்துல சும்மா நின்னாலே போதும், அவ ஓட்டலாம். ஆனா சேர முடியாது. இயற்பியல்ல மூணு மார்க் குறையுது."

மேலே ஹார்க்னஸ் தொண்டையைச் செருமினார். "மறுமதிப்பீடு என்பது மூன்று நிலைகளைக் கொண்ட ஒரு நடைமுறை. முதல் நிலையில்..."

"கையெழுத்துப் போடுங்க குயென்டின்!" ஓக்‌ஷாட்டின் குரல் கிறீச்சிட்டது. "கூண்டு ஆடுது! காத்து அடிக்குது! எவ்வளவு காத்து!"

இயந்திர அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவு காற்றைப் பற்றிப் பதிவு செய்த முதல் வாக்குமூலம் அது.

"தள்ளி நில்லுங்க, ஏதோ போடறாங்க!" என்று வெளியே யாரோ கத்தினார்கள். நிறுத்துக்கடிகாரத்தில் சுற்றிய ஒரு சீட்டு மேலிருந்து வந்தது. வாசலுக்கு வந்து நின்ற லோர்னா தன்னையறியாமல் எண்ணினாள். கிட்டத்தட்ட மூன்று வினாடி. கடிகாரம் புழுதியில் புதைந்தது. அவள் சீட்டைப் பிரித்தாள்.

"ஏழாம் கேள்வி: +5. கு. ஹார்க்னஸ்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். முகம் மாறவில்லை. ரேடியோவை வாங்கினாள்.

"டாக்டர், சீட்டு கெடைச்சுது. ரொம்ப நன்றி. ப்ளஸ் அஞ்சுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா! இறக்கு!"

"எந்தப் பக்கம் ப்ளஸ், டாக்டர்?"

"என்னது?"

"இல்ல, அப்புறம் குழப்பம் வரக் கூடாதுல்ல. உங்க முறைப்படி நான் நெம்புகோலைப் பிடிச்சா, நீங்க இன்னும் மேல போகணும். அதுக்கு மேல சக்கரம்தான் இருக்கு."

பக்கத்தில் டட்லி இருமலை அடக்கிக்கொண்டார்.

"கீழே!" என்றது ரேடியோ. "கீழேதான் ப்ளஸ்!"

"வாய்ச் சொல் செல்லாதே, டாக்டர். நீங்கதானே சொன்னீங்க."

இரண்டாவது சீட்டு வந்தது. நிறுத்துக்கடிகாரம் ஏற்கெனவே கீழே இருந்ததால், இதைப் பேரவையின் ரப்பர் முத்திரையில் சுற்றிப் போட்டிருந்தார்கள். "கீழ்நோக்கிய திசை நேர்க்குறி என இதனால் ஏற்கப்படுகிறது." கையெழுத்து கோணலாக இருந்தாலும் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. மேலாளர் இரண்டு சீட்டையும் வாங்கிப் பார்த்து, கணக்குப் போட்டு, ஐம்பத்திரண்டு என்றார். பயிற்சி ஓட்டுநர் பதிவேட்டைத் திறந்து லோர்னாவின் பெயரை எழுதினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளங்கை ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். மணல் மூட்டை இல்லை, மனிதர்கள்.

"மூட்டைதான்னு நெனச்சுக்கோ, கண்ணு," என்றார் டட்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. "ரெண்டு மூட்டை. தையல் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு."

பிரேக் விட்டது. முள் மைனஸ் நாற்பதிலிருந்து நகர்ந்தது. முப்பது, இருபது, பத்து. பூஜ்யத்தில் கூண்டு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. வெளியே நின்றவர்களுக்கு அது எப்போது நின்றது என்றே தெரியவில்லை. ஹார்க்னஸ் வெளியே வந்தார். தலைவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

லோர்னா எழுந்து போய் அதைக் கழற்றி வாங்கி அணைத்தாள். பழக்கம்.

"நாற்பது மீட்டர் தளம் பார்க்கணுமா, குயென்டின்?" என்றாள். "ப்ளஸ் நாற்பது."

இந்தத் தடவை அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

மாதக் கடைசியில் டட்லி ஓய்வு பெற்றார். இரண்டு சீட்டுகளையும் கண்ணாடி போட்டு டயலுக்கு மேலே மாட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் பேரவையின் ஆய்வு அறிக்கை சுரங்கத்துக்கு வந்தது. லோர்னா அதை ஷிஃப்டுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டே படித்தாள். எழுபது பக்கம். குழு நாற்பது மீட்டர் இறங்கி வெற்றிகரமாக ஆய்வு செய்தது என்று இருந்தது. ஆய்வின்போது தலைவரின் தொப்பி செங்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்டது என்றும், அது சரியாக நான்கு வினாடியில் தரையை அடைந்தது என்றும் பின்னிணைப்பில் ஓக்‌ஷாட் எழுதியிருந்தார். காற்று: இல்லை.

தொப்பி அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் கிடைத்திருந்தது. உப்பு ஏரிக்கு அந்தப் பக்கம், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு வேலிக்கம்பத்தின் மேல், தரையைத் தொடாமல்.